கனடா பிஆர் கார்டு வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு வந்தவர்: 80 நாள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மன்னார்குடில ஆன்லைன் ஃபார்ம் போட்டுக் கொடுக்கற கடை வச்சிருக்கேன். பாஸ்போர்ட், வளைகுடா விசா, சிங்கப்பூர் மலேசியா வேலை பேப்பர் இதெல்லாம்தான் எனக்கு தினப்படி வேலை. சவூதில இருந்து லீவுல வர்றவங்க வெளிய போய்ட்டு திரும்ப நுழையற எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா போட்டுட்டு வரணும், சிங்கப்பூர் பிஆர், அதாவது நிரந்தரமா குடியிருக்கற உரிமை, இருக்கறவங்க வெளிய வந்தா ரீ-என்ட்ரி பெர்மிட் உயிரோட இருக்கணும், இதெல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். கனடா கேஸ் ரொம்ப வராது. அதனாலதான் இந்த விஷயத்துல நானும் ஒரு தப்பு பண்ணேன், அதையும் மறைக்காம எழுதறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கிட்ட கேட்டு, பேரு ஊரு இல்லாம எழுதலாம்னு சொன்ன பிறகுதான் இதை எழுதறேன்.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல ஒரு கிராமம், வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. அந்தக் குடும்பத்துப் பையன் சென்னைல ஐடில இருந்தவரு, வயசு 34, மனைவி, நாலு வயசு பொண்ணு. மூணு பேருக்கும் கனடா பிஆர் கிடைச்சு 2023 ஜூன் 27 டொரண்டோல இறங்கினாங்க. பாஸ்போர்ட்ல ஒட்டியிருந்த குடியேற்ற விசாவையும் சிஓபிஆர்ன்னு சொல்ற நிரந்தரக் குடியிருப்பு உறுதிக் கடிதத்தையும் ஏர்போர்ட்ல அதிகாரி பாத்து, கையெழுத்து வாங்கி, பிஆர் கார்டு தபால்ல வீட்டுக்கு வரும்னு சொல்லி அனுப்பினாரு. அன்னிலேருந்து அவங்க நிரந்தரக் குடியிருப்பாளர்தான், அதுல சந்தேகமே இல்ல. ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட் வீடு புடிச்சு, பொண்ணை செப்டம்பர்ல ஜூனியர் கிண்டர்கார்டன் சேக்கறதுக்கு எழுதிக் கொடுத்துட்டு, வேலை தேட ஆரம்பிச்சாரு. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் கார்டு வரல.

அப்பாவுக்கு முடியாம போச்சு

அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12 வழக்கம்போல தொறந்தாங்க, நம்பி எல்லாரும் குறுவை போட்டாங்க, ஆகஸ்ட்லயே தண்ணி முறை வச்சும் பத்தாம கடைமடைல பயிர் காய ஆரம்பிச்சிடுச்சு. அவரோட அப்பா ராத்திரி பகலா இன்ஜின் வச்சு இறைச்சுக்கிட்டு கெடந்தாரு. ஆகஸ்ட் 31 காலைல வரப்புலயே விழுந்துட்டாரு, வலது பக்கம் இழுத்துக்கிச்சு, பேச்சு கொழறிடுச்சு. மன்னார்குடி ஆஸ்பத்திரில முதல் உதவி பாத்து அங்கேருந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிட்டாங்க. வீட்ல அம்மா மட்டும்தான், தங்கச்சி கட்டிக்கொடுத்த இடம் கோயம்புத்தூர்.

அன்னிக்கு ராத்திரி அவரு எனக்கு போன் பண்ணாரு. நான் எழுத எழுத இந்த போன்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது.

"அண்ணே, நான் கெளம்பி வந்துட்டா திரும்ப இங்க வர முடியுமாண்ணே? கார்டு இன்னும் வரல."

"பாஸ்போர்ட்ல விசா ஒட்டியிருக்காங்கள்ல தம்பி, அதுல தேதி எது வரைக்கும் இருக்கு?"

"டிசம்பர் வரைக்கும் இருக்குண்ணே."

"அப்பறம் என்ன, வாங்க. அப்பாவைப் பாருங்க மொதல்ல."

தேதியக் கேட்டேன், அந்த விசா எத்தனை தடவை நுழையறதுக்குன்னு கேக்கல. குடியேற்ற விசா ஒரே ஒரு நுழைவுக்குத்தான், ஜூன் 27 அவரு உள்ள நுழைஞ்சதோட அதோட வேலை முடிஞ்சு போச்சு. அதுல அச்சடிச்ச தேதி டிசம்பர்னு இருந்தாலும் அது செத்த விசா.

நான் மட்டும் இல்ல, நியூஜெர்சில இருக்கற அவரோட தாய்மாமனும் அதேதான் சொல்லியிருக்காரு. அமெரிக்காவுக்கு அது சரி. அங்க குடியேற்ற விசால ஏர்போர்ட்ல முத்திரை விழுந்துட்டா அதுவே ஒரு வருஷத்துக்கு தற்காலிக க்ரீன் கார்டு மாதிரி, அதைக் காட்டி போய்ட்டு வரலாம். மெல்போர்ன்ல இருக்கற கூட்டாளி இன்னும் ஒரு படி மேல போய், கார்டே எதுக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியும்னாரு. ஆஸ்திரேலியாவுக்கு அதுவும் சரி, அங்க பிஆருக்கு கார்டுன்னு ஒண்ணு கொடுக்கறதே இல்ல, பாஸ்போர்ட் நம்பரோட விசா சேந்திருக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேரும் அவங்கவங்க நாட்டு நடைமுறையத்தான் சொன்னாங்க. கனடாவுல மட்டும் வெளிய போன பிஆர் விமானத்துல திரும்பி வரணும்னா கையில பிஆர் கார்டு இருக்கணும், இல்லாட்டி பிஆர் பயண ஆவணம்னு வெளிநாட்டுல இருந்து அப்ளை பண்ணி வாங்கற ஒண்ணு இருக்கு, பிஆர்டிடின்னு சுருக்கமா சொல்லுவாங்க, அது இருக்கணும். சிஓபிஆர் கடிதம் பயண ஆவணம் கெடையாது. இதை அன்னிக்கு அவருக்கு சொல்ல ஒருத்தர் கூட இல்ல.

செப்டம்பர் 2 அவரு தனியா கெளம்பினாரு. மனைவியும் பொண்ணும் அங்கயே இருக்கட்டும்னு முடிவு பண்ணதுக்கு காரணம் டிக்கெட் காசும், பொண்ணு ஸ்கூல் அந்த வாரம்தான் தொறக்குதுங்கறதும்தான். கார்டு வந்தா வாங்க ஆள் வேணும்னு யாரும் யோசிச்சு செய்யல, ஆனா பின்னாடி அதுதான் உதவுச்சு. சிஓபிஆர் ஒரிஜினலை பத்திரமா இருக்கட்டும்னு ஸ்கார்பரோ வீட்டு அலமாரிலயே வச்சிட்டு வந்துட்டாரு.

சென்னை ஏர்போர்ட்

அப்பா 16 நாள் தஞ்சாவூர்ல இருந்துட்டு வீட்டுக்கு வந்தாரு. உசுரு தப்பிச்சாச்சு, கை கால் தேறணும், பிசியோதெரபிக்கு ஆள் பாத்தாச்சு. செப்டம்பர் 28 ராத்திரி அவருக்கு ரிட்டர்ன் டிக்கெட், வளைகுடா வழியா டொரண்டோ. அக்டோபர் 2 திங்கக்கெழமை ஒரு கம்பெனில சேரணும், போன்லயே இன்டர்வியூ முடிஞ்சு ஆஃபர் வந்திருந்துச்சு.

கவுன்ட்டர்ல பாஸ்போர்ட்டை வாங்கின பொண்ணு விசாவப் பாத்துட்டு பிஆர் கார்டு கேட்டிருக்கு. இல்லன்னு சொல்லி போன்ல இருந்த சிஓபிஆர் போட்டோவக் காட்டியிருக்காரு. அவங்க சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நான் கனடா பிஆர், என்னை உள்ள விடமாட்டேன்னு கனடாவே சொல்ல முடியாதேன்னு இவரு வாதாடியிருக்காரு.

அவரு சொன்னது சட்டப்படி சரிதான், கனடா எல்லைல போய் நின்னு நான் பிஆர்னு நிரூபிச்சா உள்ள விட்டே ஆகணும், அது அவரோட உரிமை. ஆனா அந்த எல்லை வரைக்கும் கொண்டு போறது விமானக் கம்பெனி, அவங்களுக்கு சரியான ஆவணம் இல்லாத ஆளை ஏத்திட்டுப் போனா அபராதம் விழும். கனடா போற ஒவ்வொரு பயணியோட விவரமும் கெளம்பறதுக்கு முன்னாடியே கனடா சிஸ்டத்துக்குப் போய் ஏத்தலாம், ஏத்தாதேன்னு பதில் வந்துடும். கவுன்ட்டர்ல நிக்கற பொண்ணுக்கிட்ட கோவப்பட்டு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. நிறைய பேரு பிஆர் போயிடுச்சுன்னு அந்த எடத்துலயே அழுதுடறாங்க. பிஆர் போகல. இருக்கறதைக் காட்டற தாள்தான் இல்ல. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

விடியக்காலைல ஏர்போர்ட்ல இருந்து எனக்கு போன் வந்துச்சு. நான் என்ன சொல்றதுன்னே தெரியாம இருந்தேன். அன்னிக்கு ராத்திரியே மன்னை எக்ஸ்பிரஸ் ரயில்ல ஏறி ஊருக்கே திரும்பி வந்தாரு, சனிக்கெழமை காலைல பெட்டியோட நேரா கடைக்குத்தான் வந்தாரு. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

என்னென்ன வழி இருந்துச்சு, எதை ஏன் விட்டோம்

ரெண்டு நாள்ல ஆளுக்கொரு யோசனை வந்துச்சு. கும்பகோணத்துல ஒரு ஏஜென்ட் விசிட்டர் விசா போட்டுடலாம், 40,000 ரூபா ஆகும்னாரு. பிஆர் இருக்கறவருக்கு விசிட்டர் விசா கொடுக்கவே மாட்டாங்க, அப்ளை பண்ணா பிஆர் இருக்கறது தெரிஞ்சு திருப்பிடுவாங்க. சென்னைல இன்னொருத்தர் சொன்னது இதைவிட மோசம், பிஆரை எழுதிக் கொடுத்து விட்டுட்டு விசிட்டரா போங்க, அப்பறம் பாத்துக்கலாம்னு. வருஷக் கணக்கா காத்திருந்து வாங்கினதை ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போட்டு விட்டுடச் சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அவசரத்துல இருக்கறவன் அதுக்கும் தலையாட்டிடுவான், அதான் எனக்கு பயம்.

மூணாவது யோசனை நிஜமாவே நடக்கக்கூடியது. அமெரிக்கா வரைக்கும் விமானத்துல போய், அங்கேருந்து சொந்தக் கார்லயோ வாடகைக் கார்லயோ கனடா எல்லைக்குப் போனா, நடுவுல விமானக் கம்பெனி இல்லாததால கார்டு இல்லாமயே பாஸ்போர்ட், சிஓபிஆர் காட்டி நுழையலாம். நிறைய பேரு பஃபலோ பக்கமா இப்படிப் போயிருக்காங்க. ஆனா அதுக்கு அமெரிக்க விசா வேணும், இவருக்கு இல்ல, அந்த சமயத்துல இந்தியால அமெரிக்க விசிட்டர் விசா இன்டர்வியூ தேதி கெடைக்கறதே பெரும்பாடு. அதனால அதை விட்டோம்.

கார்டு வந்ததும் மனைவி கூரியர்ல அனுப்பட்டும்னு அவரோட அம்மா சொன்னாங்க. கார்டே இன்னும் வரலையே, எப்ப வரும்னும் தெரியாது. மீதி இருந்தது பிஆர்டிடி ஒண்ணுதான்.

அப்ளிகேஷன்

கட்டணம் 50 கனடா டாலர். ஏஜென்ட்டு கேட்ட 40,000 எங்க, இது எங்க. நானும் அவரும் சேந்து ஞாயித்துக்கெழமை கடைய சாத்திட்டு உக்காந்து கனடா குடியேற்றத் துறை தளத்துல இருக்கற வழிகாட்டிய வரி வரியா படிச்சோம். இதை ஆகஸ்ட் 31 ராத்திரி ஒரு அரை மணி நேரம் செஞ்சிருக்கலாம்.

அதிகாரி பாக்கறது மூணு விஷயம். ஆள் இவருதானா, இவருக்கு பிஆர் நிலை இருக்கா, அஞ்சு வருஷத்துல 730 நாள் கனடால இருக்கணும்ங்கற நிபந்தனைய மீறியிருக்காரா. புதுசா வந்தவங்களுக்கு மூணாவது பிரச்சனையே இல்ல, அஞ்சு வருஷத்துல இன்னும் நாலே முக்கால் வருஷம் கெடக்கு. அதனால ஆளையும் நிலையையும் காட்டற பேப்பர் சுத்தமா இருந்தா போதும். அங்கதான் நாங்க தடுமாறினோம்.

சிஓபிஆர் ஒரிஜினல் ஸ்கார்பரோல. மனைவி போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க, அது சுருங்கி வந்து நம்பரே படிக்க முடியல, மறுபடி பக்கத்துல இருக்கற லைப்ரரிக்குப் போய் ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பினாங்க. போட்டோ அடுத்த தொல்லை. கனடா பிஆர் போட்டோ 50 மில்லிமீட்டருக்கு 70 மில்லிமீட்டர், தாடைலேருந்து உச்சந்தலை வரைக்கும் 31லேருந்து 36 மில்லிமீட்டர் இருக்கணும். நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர் பழக்கத்துல பாஸ்போர்ட் சைஸே எடுத்துக் கொடுத்துட்டாரு, மறுபடி அளவை எழுதிக் கொடுத்து எடுத்தோம். வாடகை ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், பொண்ணோட ஸ்கூல் கடிதம், தஞ்சாவூர் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் சேத்தோம். ஏன் கார்டு இல்லாம வெளிய வந்தேன்னு ஒரு பக்கத்துக்கு உள்ளது உள்ளபடி எழுதினாரு. விசா செல்லும்னு நெனச்சேன்னே எழுதச் சொன்னேன், அதுல மறைக்க எதுவும் இல்ல. அக்டோபர் 4 ஆன்லைன்ல அனுப்பினோம்.

காத்திருந்த நாட்கள்

செப்டம்பர்லயே இந்தியாவுக்கும் கனடாவுக்கும் நடுவுல தகராறு முத்தியிருந்துச்சு, செப்டம்பர் 21 இந்தியா கனடாக்காரங்களுக்கு விசா கொடுக்கறத நிறுத்திடுச்சு. அக்டோபர் 19 கனடா தன்னோட 41 தூதரக அதிகாரிங்கள திருப்பி எடுத்துக்கிட்டதா அறிவிச்சாங்க, இந்தியால இருந்த குடியேற்ற அதிகாரிங்க 27 பேர்லேருந்து 5 பேரா கொறஞ்சாங்க. அன்னிக்கு அவங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கலன்னு அம்மா பின்னாடி சொன்னாங்க. டிவில அந்த செய்திய திரும்பத் திரும்ப போட்டாங்க, ஊர்ல பாக்கறவங்க எல்லாம் கனடா மூடிட்டாங்களாமேன்னு கேக்கறாங்க. படுக்கைல இருந்த அப்பா வாய் கொழற, என்னாலதானேன்னு சொல்லி அழுதிருக்காரு. விண்ணப்ப மையங்க தனியார் நடத்தறது, அது தொறந்துதான் இருக்கும், வேலை மெதுவாகும் ஆனா நிக்காதுன்னு நான் செய்திய முழுசா படிச்சுக் காட்டினேன், அது நிஜமாவும் அப்படித்தான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல வேலை போச்சு. கம்பெனி ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, வந்த பிறகு பேசலாம்னு சொல்லிட்டாங்க. ஸ்கார்பரோல மனைவி பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு ஒரு கடைல பகுதி நேரம் போனாங்க. முதல் மாசம் கடைசி மாசம்னு ரெண்டு மாச வாடகை முன்னாடியே கட்டியிருந்ததுல கையிருப்பு ஏற்கனவே கொறைஞ்சிருந்துச்சு. இங்க அவரு சும்மா இல்ல, அக்டோபர் 10 மேட்டூரையும் மூடிட்டாங்க, மழைய நம்பி சம்பா நேரடி விதைப்பு பண்ணலாமா வேண்டாமான்னு அப்பா எடத்துல நின்னு முடிவு பண்ணி, அஞ்சு மா நெலத்துல மூணு மா மட்டும் விதைச்சாரு.

நவம்பர் 6 ஒப்புதல் வந்துச்சு, பாஸ்போர்ட்டை கொண்டாந்து கொடுங்கன்னு. 8ஆம் தேதி சென்னைல விண்ணப்ப மையத்துல கொடுத்தாரு. 10ஆம் தேதி, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஸ்கார்பரோ வீட்டுக்கு தபால்ல மூணு பிஆர் கார்டும் வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல பெரிய வாக்குவாதம். மனைவி உடனே கூரியர் போடறேன்னாங்க. வேண்டாம்னு சொன்னது நான்தான். பாஸ்போர்ட் சென்னைல மாட்டியிருக்கு, கார்டு வந்தாலும் பாஸ்போர்ட் இல்லாம பறக்க முடியாது. நடு வழியில கார்டு தொலைஞ்சா புதுசா அப்ளை பண்ணணும், அது இன்னும் மாசக் கணக்கு. கார்டு ஸ்கார்பரோ அலமாரில இருக்கட்டும், வந்துடுச்சுங்கறத மட்டும் குடியேற்றத் துறைக்கு ஆன்லைன் படிவத்துல எழுதிடுங்கன்னு சொன்னேன், எழுதினாரு. பதில் எதுவும் வரல, ஆனா 17ஆம் தேதி பாஸ்போர்ட் பயண ஆவணம் ஒட்டி கைக்கு வந்துடுச்சு. ஒரே நுழைவுக்குத்தான், அதுவே போதும். இந்தத் தடவை எத்தனை நுழைவுன்னு நான்தான் மொதல்ல பாத்தேன்.

நவம்பர் 20 கெளம்பினாரு. ஐரோப்பா வழியா மாறினா ட்ரான்சிட் விசா கேள்வி வரலாம்னு வளைகுடா வழியே போட்டோம். அதே ஏர்போர்ட்ல கவுன்ட்டர்ல ரெண்டே நிமிஷம்தான் ஆச்சாம்.

அதுக்கப்பறம்

வேலை திரும்ப கெடைக்க பிப்ரவரி ஆயிடுச்சு, முன்னாடி வந்த ஆஃபரைவிட சம்பளம் கம்மி. யாருமே யோசிக்காத ஒண்ணு ஆஸ்பத்திரி காப்பீடு. ஒன்டாரியோல அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு, குடியேறின முதல் 183 நாள்ல 153 நாள் அங்க இருக்கணும்னு விதி. இவரு 80 நாள் வெளிய இருந்துட்டாரு. போய் விவரத்தை அவரே சொல்லி, எப்பலேருந்து தகுதின்னு கேட்டுத் தெளிவு பண்ற வரைக்கும் தனியார் காப்பீடு ஒண்ணு எடுத்துக்கிட்டாரு. புதுசா போனவங்க அவசரத்துக்கு ஊருக்கு வரும்போது திரும்பற வழிய மட்டும் பாக்கறோம், இதைப் பாக்கறதே இல்ல.

என்ன மாத்தியிருக்கணும்

அவரு வந்திருக்கக் கூடாதுன்னு நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். அப்பன் விழுந்து கெடக்கும்போது மகன் கார்டுக்காக காத்திருக்க முடியாது. கடுமையான நோய்னு காரணம் சொல்லி கார்டை அவசரமா பாக்கச் சொல்லி கேக்க வழி உண்டு, ஆனா அதுவும் ஒரு ராத்திரில வந்து சேராது.

தப்பு வந்ததுல இல்ல, வந்த பிறகு போன 30 நாள்லதான். பிஆர்டிடி தேவைன்னு தெரிஞ்சிருந்தா செப்டம்பர் 4 அல்லது 5, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கிட்டே அப்ளிகேஷன் போட்டிருக்கலாம். அக்டோபர் 4 போட்டதுக்கு நவம்பர் 6 ஒப்புதல், அதுவும் அதிகாரிங்க கொறைஞ்ச நேரத்துல. செப்டம்பர்லயே போட்டிருந்தா 41 பேர் கெளம்பறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும், வேலையும் ஒருவேளை நின்னிருக்கும். சிஓபிஆர் ஒரிஜினலை கூடவே கொண்டாந்திருக்கணும், நல்ல ஸ்கேன் ஒண்ணு மெயில்ல இருந்திருக்கணும், ரிட்டர்ன் டிக்கெட்டை தேதி மாத்தக்கூடியதா எடுத்திருக்கணும், அதுல போன காசு மட்டுமே ஒரு ஏக்கர் குறுவை செலவுக்கு ஆகும்.

என் பக்கம் ஒண்ணு மாத்தியிருக்கேன். வெளிநாட்டுல இருந்து யாராவது வரலாமான்னு கேட்டா, தேதிய கடைசியாத்தான் கேக்கறேன். எந்த நாடு, விசா எத்தனை நுழைவு, அதுல ஒண்ணு ஏற்கனவே தீந்துடுச்சா, கார்டு கையில இருக்கா, இத கேட்டுட்டு அந்த நாட்டுத் தளத்தை அவங்க கண்ணு முன்னாடியே தொறந்து படிக்கறேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடறேன். போன மாசம் கோட்டூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, பொண்ணு கனடா போய் ஒரு மாசம்தான் ஆகுது, மாமியார் சாவுக்கு வரணும். அந்தப் பொண்ணு இங்க இறங்கின மூணாவது நாள் அப்ளிகேஷன் போய்டுச்சு, சிஓபிஆர் ஒரிஜினல் அவங்க கைப்பையிலயே இருந்துச்சு.

அந்த அப்பா இப்ப கம்பு ஊனிக்கிட்டு வாய்க்கால் வரைக்கும் நடக்கறாரு. பேச்சு முழுசா வரல.